ஹாம் ரேடியோ கேள்வி–பதில்: இஞ்ச் டேப்பில் சிக்கும் சாட்டிலைட்

கேள்வி: சார், எனக்குப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவதற்கான தொடக்கநிலை உரிமம், வி.யு.3, வந்து நாலு மாசம் ஆகிறது. கையில் இருப்பது ஒரு சீன ஹேண்ட்செட். சாட்டிலைட்டில் பேச லட்ச ரூபாய் ரேடியோவும், தானே திரும்பும் ஆன்டெனாவும் வேண்டும் என்கிறார்களே? – வாசகர், விருதுநகர்

பதில்: லட்சத்தைப் பத்திரமாக வைத்திருங்கள் தம்பி. திருச்சியில் என் வீட்டு மொட்டைமாடியில் நின்று நான் எஸ்.ஓ.50 என்ற ஹாம் சாட்டிலைட்டைப் பிடிப்பது இஞ்ச் டேப்பை வெட்டிச் செய்த யாகி (ஒரே திசையை நோக்கிக் காட்டும்) ஆன்டெனாவால்தான். பிவிசி பைப்பில் கிளிப் போட்டு இறுக்கியது. டேப்பின் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு சால்டர் வையுங்கள். நான் சுரண்டாமல் வைத்து, பாதி பாஸில் (சாட்டிலைட் ஒருமுறை வானைக் கடக்கும் நேரம்) ஒயர் கழன்று விழுந்தது.

2002-இல் ஏவிய அந்தச் சாட்டிலைட்டுக்கு நாம் பேசுவது 145.850 மெகாஹெர்ட்ஸில், குரலோடு சேர்ந்து போகும் அடையாள ஒலியான 67 ஹெர்ட்ஸ் டோனுடன். அது திருப்பி அனுப்புவது 436.795-இல். பாய்ந்து வருவதால் டாப்ளர் விளைவு உண்டு: வரும்போது 436.805-இல் கேட்கும், போகும்போது 436.785-க்கு இறங்கிவிடும். ஐந்து கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஐந்து மெமரி போட்டு வையுங்கள். இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சை முழுக்கத் திறந்துவிடுங்கள். குரல் மங்கினால் ஆன்டெனாவை மணிக்கட்டால் முறுக்குங்கள், சட்டென்று தெளியும்.

செலவு செய்தே தீர்வேன் என்றால் இரண்டாவது ஹேண்ட்செட் வாங்குங்கள். ஒன்றில் பேசி, மற்றதில் ஹெட்போன் மாட்டி உங்கள் குரலையே கேட்க வேண்டும். ஒரே செட்டோடு நான் அலைந்த நாட்களில், அடுத்தவர் பேச்சின் மேலேயே பேசிக்கொண்டிருந்தேன். எனக்கே தெரியாது! ஒரு சிக்கல்: 145.850-இன் மூன்று மடங்கு 437.55. மலிவு செட் அங்கேயும் கொஞ்சம் கக்கும், பக்கத்து செட்டின் காது அடைத்துவிடும். நான் பேசும் செட்டை இடுப்பிலும் கேட்கும் ஆன்டெனாவைக் கையை நீட்டியும் பிடிக்கிறேன்.

பாஸ் பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான், வரிசையில் பலர் நிற்பார்கள். கால்சைன் (உரிமத்தில் உள்ள அழைப்புக் குறி), கிரிட் (உங்கள் ஊர் இருக்கும் வரைபடக் கட்டத்தின் குறி), அவ்வளவே. சாப்பிட்டீர்களா விசாரிப்பெல்லாம் வேண்டாம். என் கிரிட் எம்.கே.90, உங்களுடையதை முன்பே பார்த்து வையுங்கள். முதல் நாலைந்து பாஸ் வாயைத் திறக்காமல் கேளுங்கள். யாருமே இல்லை, சாட்டிலைட் திருப்பி அனுப்பும் டவுன்லிங்க்கும் இல்லை என்றால் 74.4 ஹெர்ட்ஸ் டோனை இரண்டு நொடி அனுப்புங்கள், சாட்டிலைட்டை விழித்திருக்க வைக்கும் அதன் பத்து நிமிஷ டைமர் ஓட ஆரம்பிக்கும்.

கேள்வி: பாஸுக்குக் காத்திருக்காமல் எப்போதும் கேட்கும் சாட்டிலைட் உண்டா? – வாசகி, கோவில்பட்டி

பதில்: உண்டம்மா, கியூ.ஓ.100. 2018-இல் ஏவியது, மேற்கு வானில் ஏறக்குறைய 30 பாகையில் அசையாமல் நிற்கிறது. கேட்க மட்டும் என்றால் பழைய டிடிஎச் டிஷ், நல்ல எல்.என்.பி. (டிஷ்ஷின் முன்னால் இருக்கும் சிக்னல் வாங்கி), ஒரு எஸ்.டி.ஆர். டாங்கிள் (கம்ப்யூட்டரில் செருகும் குட்டி ரேடியோ) போதும். பேச 2.4 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர் வேண்டும். அதில்தான் பர்ஸ் காலியாகும்.