ரிசைன் பண்ணினா விட்டிடுவினமாம், எழுதிக் குடுக்கட்டோ அக்கா?

கேள்வி: வணக்கம் அக்கா. நான் லண்டன்ல வீடு வீடாப் போய் வயசான ஆக்களைப் பாக்கிற கேரர் வேலை, ஸீரோ அவர்ஸ் கொன்ராக்ட்தான் (இத்தினை மணித்தியாலம் வேலை எண்டு உறுதி இல்லாதது), இந்த ஒரு கொம்பனியிலயே மூண்டரை வருசம். போன மாசம் பின்னேரக் கோல் ஒண்டில ஒரு அம்மாவுக்குக் குளிசை குடுத்தது எண்டு மார் சார்ட்ல (மருந்து குடுத்ததைப் பதியிற தாள்) சைன் வச்சிட்டன், அடுத்த நாள் காலமை போன பிள்ளை பாத்தா குளிசை பிளிஸ்டர் பாக்குக்குள்ளயே இருந்ததாம். அண்டைக்கே மனேஜர் போன் பண்ணி நாளைக்கு வரவேண்டாம் எண்டவா, அதுக்குப் பிறகு ரோட்டாவில என்ர பேர் இல்லை. இப்ப வாற வியாழக்கிழமை டிசிப்பிளினரி மீட்டிங் எண்டு கடிதம் வந்திருக்கு, குரோஸ் மிஸ்கொண்டக்ட், அதாவது பாரதூரமான குற்றம், எண்டு போட்டிருக்கு. நீ காஷுவல் வேர்க்கர், உனக்கு உரிமை ஒண்டும் இல்லை, ரிசைன் பண்ணினா இதோட விட்டிடுவம், இல்லாட்டி டிபிஎஸ்ஸுக்கு (பராமரிப்பு வேலை செய்யத் தடை போடக்கூடிய அரசாங்க அமைப்பு) போகும் எண்டு மனேஜர் போனில சொல்லுறா. நடுவில அம்மா செத்ததுக்கு லீவு கேட்டு ஊருக்குப் போய் 5 கிழமை நிண்டனான், அதால சேர்விஸும் (தொடர்ச்சியா வேலை செய்த காலக் கணக்கு) முறிஞ்சு போச்சாம். எனக்கு இங்கிலீஷ் பேச வராது எண்டில்லை, பயத்தில வராது. மகளைக் கூட்டிக்கொண்டு போகலாமோ?
- ஒரு வாசகி, ஹரோ

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த ரிசைன் கடிதத்தை எழுதாதேங்கோ. எழுதி வச்சிருந்தா கிழிச்சுப் போடுங்கோ.

டிபிஎஸ்ஸைக் காட்டி வெருட்டுறது எனக்குப் புதுசில்லை, மாசத்துக்கு ஒரு கடிதமாவது இப்பிடி வருது. இங்க சட்டம் என்னெண்டா, பராமரிப்பில இருக்கிற ஆக்களுக்குத் தீங்கு செய்தார், இல்லாட்டி இவரால தீங்கு வரலாம் எண்டு ஒராளை அந்த வேலையில இருந்து எடுத்தா கொம்பனி டிபிஎஸ்ஸுக்கு அறிவிக்கத்தான் வேணும், அந்தாள் முந்திக்கொண்டு தானா விலகிப் போனாலும், இருந்திருந்தா எடுத்திருப்பம் எண்டா அப்பவும் அறிவிக்கத்தான் வேணும். அப்ப ரிசைன் பண்ணினா விட்டிடுவம் எண்டுறது மனேஜர் தன்ர கையில இல்லாத சாமானை உங்களுக்கு விக்கிற மாதிரி. நீங்கள் விலகினா உங்கட பக்கக் கதை ஒரு பேப்பரிலயும் இருக்காது, வேலை நீக்கம் அநியாயம் எண்டு பிறகு கேக்கிறதும் கஷ்டமாப் போகும். அறிவிச்ச உடன தடை எண்டும் பயப்பிடாதேங்கோ. தடை போடலாம் எண்டு டிபிஎஸ் யோசிச்சா முதல்ல உங்களுக்குக் கடிதம் போட்டு உங்கட விளக்கத்தைச் சொல்ல 8 கிழமை தரும்.

அடுத்தது அந்தக் காஷுவல் கதை. கொன்ராக்ட்ல என்ன தலைப்புப் போட்டிருக்கு எண்டு மட்டும் ட்ரைபியூனல் (வேலை வழக்குகளைக் கேக்கிற நீதிமன்றம்) பாக்காது, நடைமுறையில என்ன நடந்தது எண்டுதான் பாக்கும். 2011ல கார் கழுவுற ஆக்களின்ர ஓட்டோக்ளென்ஸ் வழக்கில சுப்ரீம் கோர்ட்டே இதைச் சொல்லிட்டுது. உங்களுக்கு இன்னும் கிட்டின ஒண்டு 2012ல வந்த பல்ஸ் ஹெல்த்கேர் வழக்கு, கடுமையா ஏலாத ஒராளைப் பராமரிச்ச கேரர்மார், கொன்ராக்டின்ர தலைப்பே ஸீரோ அவர்ஸ் எண்டுதான், எண்டாலும் ஒழுங்கான ரோட்டா இருந்தது, அதைச் செய்யத்தான் வேணும் எண்டிருந்தது, அதால அவை எம்ப்ளோயீஸ்தான், அதாவது முழு உரிமையுள்ள வேலையாக்கள்தான், எண்டு தீர்ப்பு. உங்கட மூண்டரை வருசத்தையும் அப்பிடி யோசிச்சுப் பாருங்கோ: கிழமைக்குக் கிழமை அதே வீடுகளோ, லீவுக்கு அவையிட்டக் கேக்க வேணுமோ, உங்களுக்குப் பதிலா வேற ஆளை அனுப்ப ஏலாதோ, யூனிஃபோர்ம் அவையின்ரயோ? எல்லாத்துக்கும் ஓம் எண்டா எம்ப்ளோயீ எண்டு வாதாட நல்ல இடமிருக்கு, 2 வருசம் தாண்டின எம்ப்ளோயீயைக் காரணமும் முறையும் இல்லாமல் நிப்பாட்டினா அன்ஃபெயர் டிஸ்மிஸல் (அநியாய வேலை நீக்கம்) எண்டு கேஸ் கேக்கலாம். ஊருக்குப் போன 5 கிழமையைப் பற்றி: லீவு கேட்டு, அவை ஓம் எண்டு, திரும்பி வந்து அதே கொன்ராக்ட்லயே வேலை செய்தனீங்கள் எண்டா சேர்விஸ் முறிஞ்சது எண்டு சும்மா சொல்லேலாது. அந்த லீவு ஈமெயிலைத் தேடி எடுத்து வையுங்கோ.

வியாழக்கிழமைக்கு வருவம். டிசிப்பிளினரி மீட்டிங்குக்கு ஒராளைக் கூட்டிக்கொண்டு போற உரிமை 1999 சட்டத்தில இருந்து வருது, அது எம்ப்ளோயீக்கு மட்டுமில்லை, காஷுவல் எண்டு சொல்லுற வேர்க்கருக்கும் உண்டு, அதால நீங்கள் எது எண்ட சண்டையே அங்க தேவையில்லை. ஆனா அந்த ஆள் கூட வேலை செய்யிற ஒராளோ யூனியன் ஆளோவாத்தான் இருக்க வேணும். மகளுக்கு அந்தச் சட்டத்தில இடமில்லை, கேட்டுப் பாக்கலாம், மொழிபெயர்க்க ஒராள் வேணும் எண்டும் எழுத்தில கேளுங்கோ, கேட்டதும் பேப்பரில இருக்கும். நீங்கள் கூப்பிடுற ஆளுக்கு வியாழன் ஏலாட்டி, அதில இருந்து 5 வேலை நாளுக்குள்ள வேற திகதி சொல்லலாம், அவை தள்ளி வைக்கத்தான் வேணும். வாற ஆள் உங்களுக்காகப் பேசலாம், ஆனா உங்களைக் கேட்ட கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேணும். யூனியனில இல்லாட்டி இப்பவே சேருங்கோ, எண்டாலும் சேர முதல் வந்த பிரச்சினையை அவை வழக்கமா எடுக்கிறேல்லை, அதுக்காகத்தான் நான் எல்லாருக்கும் முதலே சேருங்கோ எண்டு கத்துறது.

போக முதல் மார் சார்ட், அண்டைய லொக், அண்டைய ரோட்டா, காலமை போன பிள்ளை எழுதினது எல்லாத்தின்ரயும் கொப்பி கேட்டு ஈமெயில் போடுங்கோ. தயவுசெய்து அந்த அம்மாவின்ர சார்ட்டை நீங்களே போனில படம் எடுக்காதேங்கோ, அவவின்ர பிள்ளையளுக்கு மெசேஜ் போடாதேங்கோ, நல்ல மனசில செய்தாலும் அது இன்னொரு குற்றமா வந்து நிக்கும். அண்டைக்குப் பின்னேரம் எத்தினை கோல், ஒண்டுக்கும் மற்றதுக்கும் இடையில போக ரைம் விட்டவையோ, மருந்து ட்ரெயினிங் கடைசியா எப்ப தந்தவை, எல்லாம் இப்பவே எழுதி வையுங்கோ. பிழை நடந்தது எண்டா நடந்தது எண்டே சொல்லுங்கோ. உதாரணத்துக்கு, குடுக்க முதலே சைன் வச்சிட்டு அந்த அம்மா கூப்பிட ஓடிப்போனதும், வேணுமெண்டு பொய் சைன் வச்சதும் ஒண்டில்லை, அதுதான் உங்கட வழக்கின்ர உயிர்நாடி.

ரோட்டாவில பேர் இல்லாததைச் சும்மா விடாதேங்கோ. இது சஸ்பென்ஷனோ எண்டு எழுத்தில கேளுங்கோ, ஓம் எண்டா நீங்கள் வழக்கமா உழைச்ச சராசரிச் சம்பளத்தை இந்தக் கிழமையளுக்குத் தரச்சொல்லிக் கேளுங்கோ, சேர்ந்த ஹொலிடே பேயும் உங்கட காசுதான். இதுக்குள்ள வேற இடத்தில வேலை செய்யக்கூடாது எண்டு ஸீரோ அவர்ஸ் ஆளைத் தடுக்க ஏலாது, 2015ல இருந்து அப்பிடியான நிபந்தனை செல்லாது.

வேலையால நிப்பாட்டினா அப்பீல் பண்ணுங்கோ, ஆனா அப்பீல் முடிவைப் பாத்துக்கொண்டு ட்ரைபியூனலுக்குப் போற கடைசி நாளைத் தவற விட்டிடாதேங்கோ, கன பேர் அங்கதான் விழுறது. கணக்கு நிப்பாட்டின திகதியில இருந்துதான். இந்தக் காலக்கெடுவைக் கூட்டப் போகினம் எண்டு கதை இருக்கு, அதை நம்பாமல் 3 மாசத்துக்கு ஒரு நாள் குறைய எண்டே கணக்கு வையுங்கோ, அதுக்குள்ள ஏகாஸுக்கு, அதாவது வேலைப் பிணக்குகளைச் சமரசம் பேசுற அமைப்புக்கு, அறிவிச்சிருக்க வேணும் (0300 123 1100). கேஸ் போடக் காசு கட்டத் தேவையில்லை, முந்தி இருந்த கட்டணத்தை 2017ல சுப்ரீம் கோர்ட் தூக்கி எறிஞ்சிட்டுது.

கேள்வி: அக்கா, நான் தஞ்சாவூர் பக்கம், கவென்ட்ரில எம்எஸ்சி படிக்கிறேன், ஒரு கேர் ஹோம்ல பேங்க் ஸ்டாஃபா (ஆள் தேவைப்பட்டா மட்டும் கூப்பிடுவாங்க) 5 மாசமா நைட் ஷிப்ட் பாக்குறேன். ஹாய்ஸ்ட்ல (ஆளத் தூக்குற மெஷின்) தூக்க ரெண்டு பேர் வேணும், ஆனா நைட்ல ஒருத்தர்தான்னு மேனேஜருக்கு மெயில் போட்டேன். ரெண்டு வாரத்துல, எப்பவோ 10 நிமிஷம் லேட்டா வந்ததுக்கு டிசிப்ளினரி லெட்டர். கேட்டா ஹோம் ஆபீஸ்ல சொல்லி விசாவ கேன்சல் பண்ணிடுவேங்குறாங்க, ஊர்ல அப்பா கடன் வாங்கி அனுப்பிருக்காரு, ரெண்டு நாளா தூக்கமே இல்ல.
- ஒரு மாணவர்

பதில்: தம்பி, முதல்ல நித்திரை கொள்ளுங்கோ. ஸ்டூடண்ட் விசாவுக்கு உங்கட ஸ்பொன்சர் யூனிவர்சிட்டி, கேர் ஹோம் இல்லை, அந்த வேலை போனா விசா போகாது. (கேர் விசாவில வந்த ஆக்களின்ர கதை வேற, அவைக்கு வேலை போனா வழக்கமா 60 நாள்தான் தருவினம்.) ஆனா நேர்மையாச் சொல்லுங்கோ, பாடம் நடக்கிற காலத்தில ஒரு கிழமையாவது 20 மணித்தியாலத்தைத் தாண்டினனீங்களோ? தாண்டியிருந்தா மனேஜரோட மல்லுக்கு நிக்க முதல் இமிக்ரேஷன் சட்டத்தரணி ஒராளைப் பாருங்கோ.

5 மாசத்தில சாதாரண அன்ஃபெயர் டிஸ்மிஸல் கேக்க ஏலாது, இப்ப 2 வருசம் வேணும், 2027 ஜனவரியில இருந்து அது 6 மாசமாக் குறையுது. ஆனா பாதுகாப்புப் பற்றி முறையிட்டதுக்காக ஒராளைப் பழிவாங்கக்கூடாது எண்ட சட்டத்துக்கு இத்தினை வருசம் எண்ட கணக்கே இல்லை, பேங்க் ஸ்டாஃபுக்கும் அது பொருந்தும். உங்கட பலம் அந்த மெயில்தான். வேலை ஈமெயிலில இருந்து போட்டிருந்தா அந்த ஈமெயிலை எந்த நேரமும் பூட்டிப் போடலாம், அதால அனுப்பின திகதியையும் நேரத்தையும் இப்பவே எழுதி வையுங்கோ, கொப்பியைக் கொம்பனியிட்ட எழுத்தில கேளுங்கோ. அதுக்குப் பக்கத்திலயே டிசிப்பிளினரி கடிதம் வந்த திகதியையும், அந்த லேட் நடந்தது எப்ப, அப்ப ஏன் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை எண்டதையும் எழுதுங்கோ. மீட்டிங்கில முதல் கேள்வி அதுவா இருக்கட்டும்.