'கோ' என்பதன் இறந்தகாலம் ஏன் 'வென்ட்'? 'கோ-எட்' என்று ஏன் வரவில்லை?

உங்கள் பையன் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 'வாக்' வாக்டு ஆகிறது, 'டாக்' டாக்டு ஆகிறது, 'கோ' மட்டும் ஏன் வென்ட் என்று சம்பந்தமே இல்லாமல் மாறுகிறது என்று. "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ" என்று நீங்களும் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். குறையாகச் சொல்லவில்லை, நம் எல்லோருக்கும் அப்படித்தானே சொன்னார்கள். ஆனால் இதே கேள்வியைக் கேட்டு அடி வாங்கியவன் நான், அதனால்தான் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பு. தமிழ் மீடியம். மூன்று பத்தியாகக் கோடு போட்டு பிரசன்ட், பாஸ்ட், பாஸ்ட் பார்ட்டிசிப்பிள் எழுதிவரச் சொன்னார்கள். நான் கோவுக்கு நேராக 'எட்' சேர்த்து எழுதிவிட்டேன். சார் சிவப்பு மையில் சுழித்தார். "ஏன் சார் கோவுக்கும் வென்ட்டுக்கும் ஒரு எழுத்துகூட ஒத்து வரவில்லை?" என்று கேட்டேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். எதிர்த்துப் பேசுகிறேன் என்று நினைத்து, முட்டி போட வைத்து, 'கோ வென்ட் கான்' என்று நூறு தடவை எழுத வைத்தார். எழுதினேன். பதில் தெரிய அப்புறம் பதினைந்து வருடம் ஆனது.

பதில் இதுதான். வென்ட் என்பது கோவின் பிள்ளையே இல்லை, வேறு வீட்டுப் பிள்ளை. ஆங்கிலத்தில் 'வெண்ட்' என்று இன்னொரு வினை உண்டு. (தமிழில் எழுதினால் குழப்பம் வரும் என்பதால், மூல வினையை 'வண்டி'யில் வருகிற ஒலியோடு வெண்ட் என்று எழுதுகிறேன்.) திரும்பு, ஒரு திசை பார்த்துச் செல் என்று அதற்குப் பொருள். செண்ட் சென்ட் ஆகிறது, ஸ்பெண்ட் ஸ்பென்ட் ஆகிறது, பெண்ட் பென்ட் ஆகிறது இல்லையா, அதே மாதிரி வெண்ட் வென்ட் ஆனது. அதன் வீட்டில் அது ஒழுங்காகத்தான் இருந்தது. கோவுக்குத்தான் சொந்த இறந்தகாலம் இல்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில்கூட 'எயோடெ' என்கிற வேறொரு சொல்லைத்தான் வைத்துக்கொண்டிருந்தார்கள். அது தேய்ந்துபோக, கிட்டத்தட்ட 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்த இடத்தில் வென்ட் உட்கார்ந்துவிட்டது. வென்ட்டைப் பறிகொடுத்த வெண்ட், தனக்கு 'வெண்டட்' என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டது. பிரெஞ்சில் 'போ' என்பதற்கான வினையில் மூன்று வேறு வேர்கள் கலந்து கிடக்கின்றன, அதற்கு இது எவ்வளவோ தேவலை. உங்கள் பையன் நினைத்ததும் தப்பில்லை. ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழியில் 'கே' என்றால் போ, அதன் இறந்தகாலம் 'கேட்'. அவன் கேட்ட மாதிரியேதான்.

நான் மொழியியல் படித்தவன் இல்லை, திருப்பூரில் பனியன் ஏற்றுமதி ஆபீசில் வேலை பார்த்தவன். பட்டம் வாங்காதவனுக்கு இதில் என்ன பேச்சு என்று யாராவது கேட்கலாம். கேட்கட்டும். அந்த ஆபீசில்தான் எனக்கு இரண்டாவது அடி விழுந்தது. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரோடு போனில் பேசும்போது "ஷிப்மென்ட் டிட் நாட் வென்ட்" என்று சொல்லிவிட்டேன். பையர் ஒன்றும் சொல்லவில்லை, அவருக்குப் புரிந்துவிட்டது. பக்கத்து சீட்டில் இருந்த நம் ஊர் மேனேஜர்தான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அதைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தார். ஒரு மாதம் எனக்கு 'டிட் நாட் வென்ட்' என்றே பெயர். கட்டிங் செக்ஷன் வரை பரவியது.

அன்றைக்கு ராத்திரி யோசித்துப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது, இதைப் பையனுக்கு அவசியம் சொல்லிக்கொடுங்கள். தமிழில் 'நேற்று நான் போகவில்லை' என்கிறோம். 'போனவில்லை' என்று எந்தக் குழந்தையாவது சொல்லுமா? 'போக' என்பதில் காலமே கிடையாது. அதே மாதிரிதான் 'டிட் நாட் கோ'. காலத்தை டிட் சுமந்துவிட்டது, கோ வெறும் 'போக'வாக நிற்கிறது. டிட் நாட் வென்ட் என்றால் போனவில்லை. இதை எனக்கு எட்டாம் வகுப்பில் யாராவது ஒரே ஒரு வரியில் சொல்லியிருந்தால் அந்த ஒரு மாதம் எனக்கு வந்திருக்காது.

அர்த்தங்களும் அப்படித்தான். அகராதியில் கோவுக்கு எத்தனை பொருள் போட்டிருக்கிறது என்று பார்த்து மலைக்க வேண்டாம், பாதி நம் 'போ'வில் இருக்கிறது. பால் கெட்டுப் போகிறது, அங்கேயும் கோ. இந்த ரோடு மதுரைக்குப் போகிறது, கோ. பவுன் என்ன விலைக்குப் போகிறது, கோ. 'எழுதப் போகிறேன்' என்கிறோம், நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை, எங்கேயும் போகவில்லை, ஆனாலும் போகிறேன். ஆங்கிலத்திலும் 'ஐ ஆம் கோயிங் டு ரைட்'. ஏதோ செய்வதற்காக நடந்து போவது, காலப்போக்கில் செய்யவிருப்பதையே குறிக்க ஆரம்பித்துவிட்டது. இதை வைத்து இரண்டு மொழிக்கும் உறவு என்று நான் சொல்லவில்லை, அப்படி யாரும் திரிக்க வேண்டாம். ஸ்பானிஷிலும் பிரெஞ்சிலும்கூட 'போ'வை இப்படிப் பயன்படுத்துகிறார்கள். ஒத்துவராத இடங்களும் உண்டு. மணி அடித்தால் அவர்களுக்கு பெல் 'வென்ட்', சட்டைக்கு பேன்ட் பொருந்தினால் 'கோஸ் வித்', தலை வழுக்கையானால் 'கோயிங் பால்டு'. அதை மட்டும் தனியாகப் படித்துக்கொண்டால் போதும்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாததுதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் அக்கா பொண்ணு படிக்கிற பள்ளியில் தமிழில் பேசினால் பத்து ரூபாய் அபராதம். போன வாரம் முப்பது ரூபாய் கட்டியிருக்கிறாள். அதில் பத்து ரூபாய், அழுதுகொண்டிருந்த ஒரு சின்னப் பிள்ளையிடம் "ஏன்டா அழுகிறே?" என்று கேட்டதற்கு. போகவில்லை, டிட் நாட் கோ என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் புரிகிற விஷயம். அந்த வகுப்பில் 'போகவில்லை' என்று வாயைத் திறந்தாலே பத்து ரூபாய். அக்காவிடம் பள்ளிக்கூடத்தில் போய்க் கேள் என்று சொல்லிவிட்டேன். டிசியைக் கிழித்துக் கொடுத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறாள்.

சரி, உங்கள் பையனுக்கு இன்னும் ஒன்று. 'ஐ ஹேவ் வென்ட்' என்று எழுதினானென்றால் திட்டாதீர்கள். 'ஹேவ் கான்' என்று திருத்திவிட்டு, இந்த 'கான்' மட்டும் கோ வீட்டிலேயே பிறந்த பிள்ளை என்று சொல்லுங்கள்.