கால் ஆணியை எத்தனை முறை சீவினாலும் திரும்ப வருகிறது. பெடிக்யூர் போதாதா? பாத சிகிச்சை நிபுணர் வேறு என்ன செய்துவிடுவார்?

பாத சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிபவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். சுண்டுவிரலுக்கு நேர் கீழே உள்ளங்காலில் ஆணி இருப்பதாகவும், அழகு நிலையத்தில் சீவிவிட்டால் சில வாரங்கள் நிம்மதியாக இருந்துவிட்டு அதே இடத்தில் மீண்டும் வந்துவிடுவதாகவும், மருந்துக்கடையில் வாங்கிய கார்ன் கேப்பும் (ஆணியின் மேல் ஒட்டும் மருந்துப் பட்டை) பலன் தரவில்லை என்றும் கேள்வியின் விளக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். இதே கதையோடு வருபவர்களைத்தான் எங்கள் பிரிவில் அதிகம் பார்க்கிறோம்.

ஆணி என்பது தோலில் தானாக முளைக்கும் நோயன்று. ஒரே இடத்தில் அழுத்தமும் உராய்வும் தொடர்ந்து விழும்போது, அடியில் உள்ள திசுவைக் காத்துக்கொள்வதற்காகத் தோல் தடிக்கிறது. அந்தத் தடிப்பு பரவலாக இருந்தால் காய்ப்பு. ஒரு புள்ளியில் குவிந்து, உள்நோக்கிக் கூம்பு போல இறங்கினால் ஆணி. ஆகவே தடிப்பைச் சீவுவது வலியைத்தான் நீக்குகிறதே தவிர, அழுத்தத்தை நீக்குவதில்லை. அழுத்தம் இருக்கும்வரை தோல் தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். உங்கள் ஆணி திரும்ப வருவதற்கு, சீவியவரின் கைத்திறன் குறைவு காரணமாக இருக்க வாய்ப்பு மிகவும் குறைவு.

நிபுணர் முதலில் பார்ப்பது அது உண்மையிலேயே ஆணிதானா என்பதை. உள்ளங்காலில் வரும் மருவும் பார்ப்பதற்கு ஏறக்குறைய ஆணி போலவே இருக்கும். மேல்தோலை மெல்லச் சீவினால் வேறுபாடு தெரிந்துவிடும்: ஆணியின் மீது தோலின் இயல்பான ரேகைகள் தொடர்ந்து ஓடும், மருவில் அவை ஓரத்தோடு நின்றுவிடும், மருவுக்குள் மிளகுப்பொடி தூவியதைப் போலக் கறுப்புப் புள்ளிகள் தென்படும், அவை உறைந்துபோன நுண் இரத்தக்குழாய்கள். நேராக அழுத்தினால் ஆணி வலிக்கும். இரு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் மரு வலிக்கும். மரு வைரஸ் தொற்றால் வருவது என்பதால் அதை வெட்டிக் கிளறினால் பக்கத்திலும் பரவக்கூடும். அதற்கான வழி சாலிசிலிக் அமிலப் பூச்சு அல்லது திரவ நைட்ரஜனால் உறையவைத்தல்.

ஆணி என்று உறுதியானால், அறுவைக் கத்தியால் மேல்தடிப்பை அடுக்கடுக்காகச் சீவி, நடுவில் கண்ணாடித் துணுக்கு போல மங்கலாகத் தெரியும் கடினமான உட்கருவைக் கத்தி முனையால் நெம்பி எடுப்பார். சீவப்படுவது உயிரற்ற தோல் என்பதால் மயக்க ஊசி தேவைப்படுவதில்லை. சரியாகச் செய்தால் இரத்தமும் வராது. அழகு நிலையத்தில் மேற்பரப்பைத்தான் தேய்க்கிறார்கள், உட்கரு அப்படியே தங்கிவிடுகிறது. அங்கே நகம் வெட்டி, கால் கழுவி, களிம்பு தடவிக்கொள்வதில் ஆரோக்கியமானவர்களுக்குத் தவறொன்றும் இல்லை. ஆனால் கருவிகளையும் கால் ஊறவைக்கும் தொட்டியையும் எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில், சரியாகச் சுத்தம் செய்யாத கால் குளியல் தொட்டிகளிலிருந்து பரவிய மைக்கோபாக்டீரியத் தொற்றால், ஒரே நக அழகு நிலையத்துக்குப் போன நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காலில் கொப்புளங்கள் வந்தன.

இதற்குப் பிறகு நடப்பதுதான் சிகிச்சையின் பெரும்பகுதி என்பது என் கருத்து. உங்களை வெறுங்காலோடு நிற்கவும் நடக்கவும் சொல்வார்கள். விரல் மடங்கியிருக்கிறதா, பாத வளைவு தாழ்ந்திருக்கிறதா, எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனிப்பார்கள். பழைய செருப்பின் அடிப்பாகத்தைத் திருப்பி எந்த மூலை தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. ஒரு தாளின் மேல் முழு எடையையும் ஊன்றி நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு வரையுங்கள். தினமும் அணியும் ஷூவை அந்தக் கோட்டின் மேல் வையுங்கள். கோடு ஷூவுக்கு வெளியே எட்டிப்பார்த்தால், எந்த இடத்தில் எட்டிப்பார்க்கிறதோ அந்த இடம் நாள் முழுவதும் நசுங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால் புதிய ஷூவை அந்நேரத்தில் வாங்குவது நல்லது. ஷூவை மாற்றியும் அழுத்தம் குறையவில்லை என்றால், அந்த இடத்தில் மட்டும் எடை விழாதவாறு குழிவு வைத்த உள்ளட்டையைச் செய்து தருவார்கள்.

கார்ன் கேப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் இருப்பது அமிலம். அதற்குத் தடித்த தோலும் நல்ல தோலும் ஒன்றுதான். பட்டை சற்று நகர்ந்தால் சுற்றியுள்ள தோலையும் அரித்துவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்களும், கால் மரத்துப்போனவர்களும், காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்களும் அதைத் தொடவே கூடாது.

சர்க்கரை நோய் இருந்தால் இந்த உரையாடலே வேறு மாதிரியாகிவிடுகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு நாங்கள் முதலில் கத்தியை எடுப்பதில்லை. வளையும்போது 10 கிராம் விசை மட்டுமே தரும் மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலின் சில இடங்களைத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு எங்கே தொடுகிறோம் என்று சொல்லச் சொல்வோம். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைப் பெருவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்போம். பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுக்காலுக்குப் பின்புறத்திலும் நாடி பார்ப்போம். வலி தெரியாத பாதத்தில் காய்ப்பு என்பது, உள்ளே புண் உருவாகிக்கொண்டிருக்கக்கூடிய மூடி. அதற்குள் கருஞ்சிவப்பாக இரத்தக் கறை தெரிந்தால் அன்றே காட்டவேண்டும். தொழுநோயாளிகளின் பாதங்களை நெடுங்காலம் கவனித்த மருத்துவர் பால் பிராண்ட், அவர்களுடைய காலைச் சிதைப்பதில் பெரும்பங்கு வலியுணர்வின் இழப்புக்கே என்பதை எடுத்துக்காட்டினார். சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் அதே விதி பொருந்துகிறது. காயம் எதுவும் இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றதைவிடச் சூடாக இருந்தால், வலி இல்லை என்பதற்காகக் காத்திருக்க வேண்டாம். எலும்பும் மூட்டும் உள்ளே நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

கேள்வியின் கீழே வேறு சிலர் கேட்டிருந்தவற்றுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெருவிரல் நகம் சதைக்குள் இறங்கினால் பெரும்பாலானோர் மூலையைக் குடைந்து வெட்டுகிறார்கள்; அப்போது உள்ளே விடுபடும் கூரிய முனைதான் அடுத்த வாரம் சதையைக் குத்துகிறது. நகத்தை நேராக வெட்டுங்கள். சீழ் கட்டி அடிக்கடி திரும்பினால், விரலை மட்டும் மரக்கவைத்து, நகத்தின் ஓரப் பட்டையை வேர்வரை எடுத்து, அந்த வேரில் பீனால் என்ற வேதிப்பொருளைத் தடவிவிடுவார்கள். அன்றே நடந்து வீட்டுக்குப் போய்விடலாம், அந்த ஓரம் பொதுவாக மறுபடி வளராது. நகம் மஞ்சளாகித் தடித்தால் அதைப் பூஞ்சை என்று தாமே முடிவுசெய்து மாத்திரை விழுங்க வேண்டாம். அடிபட்டாலும் சொரியாசிஸ் வந்தாலும் நகம் அப்படியே ஆகும் என்பதால் நகத் துணுக்கைப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். பூஞ்சைதான் என்றால் டெர்பினாஃபின் மாத்திரை வழக்கமாக 12 வாரங்கள். கால் பெருவிரல் நகம் முழுதாக மாறி வளர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும் என்பதால், மருந்து முடிந்தும் நகம் அசிங்கமாகவே இருக்கிறதே என்று சோர்ந்துவிடக் கூடாது.

பித்தவெடிப்புக்கு, கால் கழுவித் துடைத்த உடனே யூரியா கலந்த களிம்பு தடவுவது நல்ல பலன் தரும். விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் அங்கே இந்தக் களிம்பைத் தடவக் கூடாது. அங்கே ஈரம்தான் எதிரி, பூஞ்சைக்கான மருந்தைத் தவிர வேறெதையும் பூசாமல் உலர்வாக வைத்திருங்கள். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் சுரீர் என்று வலித்தால் அதற்குக் கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் நீட்டும் பயிற்சிகள் முதல் மருந்து. பெரும்பாலானோருக்கு ஓராண்டுக்குள் சரியாகிவிடுகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, வலியே இல்லாத பலருக்கும் அது உண்டு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சர்க்கரை நோய் இல்லை என்றால் அவசரம் ஒன்றும் கிடையாது, ஆனால் அடுத்த முறை சீவிக்கொள்ளப் போகும் பணத்தை நிபுணரிடம் ஒரு முறை செலவிடுங்கள். போகும்போது புத்தம்புதிய செருப்பை மாட்டிக்கொண்டு போகாமல், அதிகம் தேய்ந்துபோன, நீங்கள் தினமும் அணியும் ஜோடியைக் கொண்டுபோங்கள். உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலும், குறிப்பாக இரத்தம் உறையாமலிருக்க எடுப்பவை, கையில் இருக்கட்டும். கருவிப் பொட்டலத்தை உங்கள் கண்முன் பிரிக்கிறார்களா என்று பாருங்கள். சீவி முடித்ததும், இது ஏன் இந்த இடத்தில் வந்தது என்று நேரடியாகக் கேளுங்கள். அதற்கு விளக்கம் சொல்லாமல் அடுத்த மாதம் வரச்சொல்லும் நிபுணரைவிட, ஷூவை மாற்றச்சொல்லி அனுப்புபவர் மேல்.