முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டால் விவாகரத்து ஆகிவிடுமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் எங்கள் ஊர். தேவாலயத்தில் திருமணம் நடந்தது. கணவரின் அடி பொறுக்க முடியாமல் ஆறு வயது மகளுடன் அம்மா வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. போட்டுப்போன 40 பவுனும் அவர்களிடம்தான். எங்களுக்கு வரன் பார்த்த தரகர், "பிரிவு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, 20 பவுன் வாங்கித் தருகிறேன், விவாகரத்தும் முடிந்துவிடும்" என்கிறார். இரவில் உறக்கமில்லை. வாசலில் பைக் சத்தம் கேட்டாலே கை நடுங்குகிறது. எப்படியாவது முடிந்தால் போதும் என்றிருக்கிறது. போடலாமா?

பதில்: போடாதீர்கள். நோட்டரி முத்திரை குத்திய தாளால் உங்கள் திருமணம் முறியாது. 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படி அதற்கு நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். இருவரும் சம்மதித்துப் பிரிவதானாலும் மனு அங்கேதான். திருச்சபைத் தீர்ப்பாயம் திருமணம் செல்லாது என்று சொன்னாலும் போதாது என்று உச்ச நீதிமன்றம் 1996இலேயே கூறிவிட்டது.

பிறகு எதற்கு அந்தத் தாள்? இப்படிப்பட்ட ஒப்பந்தங்களைப் படித்துப் பாருங்கள். "நகைகள் முழுவதும் பெற்றுக்கொண்டேன், இனி ஜீவனாம்சம் கோர மாட்டேன், எந்தப் புகாரும் கொடுக்க மாட்டேன்" என்று மூன்றாவது பக்கத்தில் இருக்கும். கையெழுத்து முதலில், பவுன் அடுத்த வாரம். அந்த அடுத்த வாரம் வந்து நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு ஒரு கமிஷன், பிரிவுக்கு இன்னொரு கமிஷன் என்று இரண்டு பக்கமும் வாங்குகிறவர்களுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. காவல் நிலையத்திலும் சிலர் "பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்று இவர்கள் கையிலேயே பிடித்துக் கொடுக்கிறார்கள். புகார் கொடுத்தால் மனு ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

விவாகரத்தை இப்போது ஒதுக்கி வையுங்கள். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், நீங்கள் இப்போது இருக்கும் ஊருக்கு உரிய நீதித்துறை நடுவரிடமே மனுப் போடலாம். விளவங்கோடு தாலுகா என்றால் குழித்துறை. கணவர் ஊருக்கு அலைய வேண்டாம். பாதுகாப்பு உத்தரவு, மாதச் செலவுக்குப் பணம், குழந்தையின் பொறுப்பு, நகை எல்லாவற்றையும் அந்த ஒரே மனுவில் கேட்கலாம். பெண்ணுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரவேண்டும். 15100க்கு அழையுங்கள். மனு எழுதப் பணம் கேட்கும் ஆளை நீதிமன்ற வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். முதல் விசாரணை மூன்று நாளில், முடிவு அறுபது நாளில் என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது. நடைமுறையில் "வீடு பூட்டியிருந்தது" என்று சம்மன் திரும்பி வருவதிலேயே மாதங்கள் போகும். சட்டத்தை எழுதியவர்கள் ஒருநாள் வாய்தாவுக்கு வந்து நின்று பார்க்கவேண்டும். அதனால் முதல் நாளே இடைக்கால உத்தரவு கேட்கச் சொல்லுங்கள். 23ஆம் பிரிவு அதற்குத்தான்.

நகை விஷயம். சீதனமாகப் போட்ட உருப்படிகள் உங்கள் சொந்தச் சொத்து. கணவர் வீட்டில் இருப்பதால் அவர்களுடையது ஆகிவிடாது என்பது 1985இலேயே உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்த சங்கதி. நகைக்கடை ரசீதும் கல்யாண ஆல்பமும் வேண்டும். ஆனால் நகை வீட்டில் இல்லாமல் அடகில் இருந்தால் கதை வேறு. கணவர் வளைகுடா போக விசாச் செலவு என்றோ, வீட்டுக்குக் காங்கிரீட் போட என்றோ வங்கியில் வைத்திருப்பார்கள். யார் பெயரில் வைத்தது என்று யோசித்துப் பாருங்கள். உங்களையும் கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கியிருந்தால் கடன் உங்களுடையது. ஏல நோட்டீஸ் கணவர் வீட்டு முகவரிக்குப் போகும். அவர்கள் சொல்ல மாட்டார்கள். நகை ஏலத்தில் போன பிறகுதான் உங்களுக்குத் தெரியும். உடனே கிளைக்குப் போய் முகவரியையும் போன் எண்ணையும் மாற்ற எழுத்தில் கொடுத்து, நகலில் ஒப்புகை முத்திரை வாங்குங்கள். கணவர் பெயரில் வைத்திருந்தால் வங்கி உங்களிடம் நகையைத் தராது, மேலாளரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அப்போது கிளையின் பெயரையும் தெரிந்த விவரங்களையும் மனுவில் எழுதி, நகையை விற்கவோ மீட்டு மறைக்கவோ கூடாது என்று நடுவரிடம் உத்தரவு பெற்று, அதன் நகலை வங்கியில் கொடுங்கள். பாதி உங்கள் பெயரில், பாதி கணவர் பெயரில் என்றால் இரண்டையும் செய்யவேண்டியதுதான்.

உறக்கமின்மைக்கும் நடுக்கத்துக்கும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். போனில் பேச 14416 இருக்கிறது. அடி வாங்கிய உடம்பு பைக் சத்தத்துக்கு அதிர்வது பைத்தியமல்ல. "ஆஸ்பத்திரி சீட்டைக் காட்டிப் பிள்ளையைப் பிடுங்கிவிடுவார்கள்" என்று பயமுறுத்துவார்கள். உறக்கத்துக்கு மருந்து எடுத்த ஒரே காரணத்துக்காகக் குழந்தையைப் பறிக்கச் சட்டத்தில் இடமில்லை. சிகிச்சை விவரத்தை மருத்துவமனை ரகசியமாக வைக்கவேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. கையெழுத்து, ஒப்பந்தம் பற்றிய எந்த முடிவும் நாலு நாள் நன்றாக உறங்கிய பிறகு எடுத்தால் போதும்.

வேலைக்குப் போக நினைத்தால் முதல் வேலை ஆதாரில் போன் எண்ணை மாற்றுவது. பலருக்கு அது கணவரின் எண்ணாகவே இருக்கிறது. நீங்கள் எங்கே விண்ணப்பித்தாலும் ரகசிய எண் அவர் கைக்குப் போகும். ஆதார் மையத்தில் கைரேகை வைத்து மாற்றிக்கொண்டு, அதே எண்ணில் உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்குத் தொடங்குங்கள். இடைக்கால உத்தரவுப் பணம் அதில் வரட்டும்.