சுண்டெலி சைட்டோகைன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சுண்டெலியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து டென்ட்ரைட்டிக் செல் (ஒருவகை நோயெதிர்ப்புச் செல்) வளர்க்க 10 மைக்ரோகிராம் ஜிஎம்-சிஎஸ்எஃப் வாங்கினோம். (இது ஒரு சைட்டோகைன், அதாவது செல்களுக்குச் சைகை தரும் புரதம்.) கோலாலம்பூரிலிருந்து பெட்டி வந்து சேர்வதற்குள் ஐஸ் உருகிவிட்டது. குப்பியும் காலியாகத் தெரிகிறது. திருப்பி அனுப்பலாமா?
– ஆராய்ச்சி மாணவி, குளுகோர், பினாங்கு

பதில்: அவசரப்படாதீர்கள். உறையவைத்து உலர்த்திய புரதம் சில நாள் அறை வெப்பத்தைத் தாங்கும். கரைசலாக வந்திருந்தால்தான் கவலை. 10 மைக்ரோகிராம் என்பது கண்ணுக்கே தெரியாத படலம். அது மூடியின் அடியில்கூட ஒட்டியிருக்கும். ஆகவே, முதலில் குப்பியை அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் சில்லென்ற குப்பியைத் திறந்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். பிறகு, மூடியோடு அரை நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அதன் பின் திறங்கள்.

கூட வந்த தாளில் சொல்லியிருக்கும் திரவத்தையே பயன்படுத்துங்கள். பெரும்பாலும் அது கிருமி நீக்கிய நீர், அல்லது 0.1 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதமான ஆல்புமின்) கலந்த பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்). 100 மைக்ரோலிட்டர் விட்டால் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் கிடைக்கும். வோர்டெக்ஸ் (வேகமாகக் குலுக்கும் கருவி) வேண்டவே வேண்டாம். நுரைத்தால் புரதம் குலையும். பிப்பெட்டால் உள்சுவரை மெல்ல நனைத்து, 10 நிமிடம் விட்டுவிடுங்கள்.

அன்றே 10 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். (கடைசிக் குழாயில் சற்றுக் குறையத்தான் செய்யும்.) 10 மில்லிலிட்டர் தட்டுக்கு 2 மைக்ரோலிட்டர் சேர்த்தால் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம். தானாகப் பனி உருக்கும் ஃப்ரீசர் கூடாது. அதன் வெப்பநிலை ஏறி இறங்கும். ஒருமுறை உருக்கிய குழாயை 4 டிகிரியில் வைத்து அந்த வாரமே முடித்துவிடுங்கள்.

பிஎஸ்ஏவில் மிச்சம் பிடிக்காதீர்கள். நீர்த்த கரைசலில் புரதம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். 'புரதம் வேலை செய்யவில்லை' என்ற புகார் பலவற்றுக்கும் இதுதான் காரணம்.

கேள்வி: ஜிஎம்-சிஎஸ்எஃப்பின் புதிய லாட்டுக்கு (தயாரிப்புத் தொகுதிக்கு) மாறியதிலிருந்து, எல்பிஎஸ் (செல்களை முதிரவைக்கும் பாக்டீரியாப் பொருள்) சேர்க்காத தட்டிலும் செல்கள் முதிர்ந்துவிடுகின்றன. புரதத்தில் கோளாறா?
– ஆய்வுக்கூட உதவியாளர், கோலாலம்பூர்

பதில்: இது இ.கோலை பாக்டீரியாவில் தயாரான புரதம் என்றால் எண்டோடாக்சின் (எல்பிஎஸ்ஸின் இன்னொரு பெயர்) மீது சந்தேகம் வருவது நியாயமே. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சான்றிதழில் மைக்ரோகிராமுக்கு 1 ஈயூவுக்குக் (எண்டோடாக்சின் அலகு) கீழ் என்றிருந்தால், 20 நானோகிராமில் வருவது அதிகபட்சம் 0.02 ஈயூ. அதைவிட சீரம், பிபிஎஸ், ஆய்வுக்கூட நீர் ஆகியவற்றின் மீதே எனக்குச் சந்தேகம் அதிகம். செல் கொத்துகளைப் பிப்பெட்டால் முரட்டுத்தனமாக உடைத்தாலும் முதிர்ச்சி தொடங்கிவிடும்.

சோதிக்க வழி உண்டு. புதிய லாட்டில் சிறிது எடுத்துக் கொதிக்கவைத்து, பழைய லாட்டில் வளர்த்த முதிராத செல்களுக்குக் கொடுங்கள். கொதியில் புரதம் செயலிழக்கும், எல்பிஎஸ் தாக்குப்பிடிக்கும். அப்போதும் சிடி86 (முதிர்ச்சியைக் காட்டும் செல் மேற்பரப்புப் புரதம்) ஏறினால் குற்றவாளி எண்டோடாக்சின்தான்.

கேள்வி: மனித ஜிஎம்-சிஎஸ்எஃப் மீதமிருக்கிறது. சுண்டெலிச் செல்லுக்குக் கொடுக்கலாமா?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: பயனில்லை. ஐஎல்-4 என்ற சைட்டோகைனும் அப்படித்தான், அந்தந்த இனத்துக்கு உரியதே வேண்டும். ஆனால் மனித ஐஎல்-2, எம்-சிஎஸ்எஃப் என்ற சைட்டோகைன்கள் இரண்டும் சுண்டெலிச் செல்லில் வேலை செய்யும்.