கடலோரத்தில் மத்திய அலை: ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

இரவில் கடற்கரையில் கையடக்க வானொலியோடு உட்கார்ந்து, ஏரியலை முழுதாக நீட்டியும் மத்திய அலையில் பக்கத்து நிலையங்கள்தான் இரைகின்றன. கடல் கடந்து ஒன்றும் வரவில்லை. 200 மீட்டர் கம்பியை மணலில் விரித்தால் பலன் இருக்குமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கம்பி வேண்டாம். பெவரேஜ் எனப்படும் அந்த நீளக் கம்பிக்கு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாத வறண்ட நிலம் தேவை. அங்கேதான் வரும் அலை முன்புறம் சாய்ந்து கம்பியில் ஏறும். உப்புநீர் ஊறிய மணலில் அலை நிமிர்ந்தே போய்விடும்.

அதே உப்புநீர்தான் உங்களுக்குத் துணையும். தொலைதூர அலை, வானில் உயரே மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கான அயனமண்டலத்தில் பட்டு மிகத் தாழ்ந்த கோணத்தில் இறங்குகிறது. தரை அதைத் தின்றுவிடும், கடல் விட்டுவைக்கும். முடிந்தவரை நீர்விளிம்பை ஒட்டி உட்காருங்கள்.

ஏரியலை மடக்கிவிடுங்கள், அது சிற்றலைக்கும் பண்பலைக்கும் உரியது. மத்திய அலையைப் பிடிப்பது பெட்டிக்குள் படுத்திருக்கும் ஃபெரைட் கம்பி, அதாவது காந்தப்பொருளால் ஆன உள் ஏரியல். அதன் முனை பார்க்கும் திசையிலுள்ள நிலையம் அமுங்கும். பக்கத்து நிலையம் தேயும்வரை பெட்டியை மெல்லத் திருப்புங்கள். இது கைவராமல் வேறு எதற்கும் செலவு செய்யாதீர்கள்.

அடுத்தது லூப், அதாவது அலையைப் பிடித்து, கம்பித் தொடர்பின்றியே வானொலிக்குக் கொடுக்கும் வளைய ஏரியல். 1 மீட்டர் பக்கமுள்ள மரச்சட்டத்தில், உறையிட்ட கம்பியை 5 மில்லிமீட்டர் இடைவெளியில் 8 சுற்று சுற்றி, இரு முனைகளையும் 365 பிக்கோஃபாரட் கேங் கண்டென்சரில் (தண்டைத் திருகி நிலையத்துக்கு இசைக்கும் மின்தேக்கி) இணையுங்கள். 40 மீட்டர் கம்பி போதும். மத்திய அலையின் கீழ்முனையான 531 கிலோஹெர்ட்ஸ் எட்டாவிட்டால் இன்னொரு சுற்று போடுங்கள். சட்டத்தின் விளிம்பு நிலையத்தை நோக்கட்டும். வானொலியின் ஃபெரைட் கம்பி சட்டத்துக்குச் செங்குத்தாக, ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். ஒட்டி வைத்தால் வானொலி திணறி, இல்லாத இடத்திலெல்லாம் நிலையங்கள் முளைக்கும். சார்ஜர் எதுவும் அருகில் வேண்டாம்.

நள்ளிரவுவரை காத்திருக்கத் தேவையில்லை. பகலில் அலையை விழுங்கும் டி அடுக்கு (அயனமண்டலத்தின் அடிப்பகுதி), பாதை முழுதும் இருண்டால்தான் விலகும். கிழக்கே முதலில் இருட்டுவதால் அத்திசை நிலையங்களை நம் அந்தியையொட்டித் தேடுங்கள், மேற்கிலுள்ளவற்றை விடியலையொட்டி.

அமெரிக்கக் கண்டங்களில் நிலையங்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், மற்ற இடங்களில் 9. ஆகவே அங்குள்ள 1570, இங்குள்ள 1566க்கும் 1575க்கும் நடுவே தலைகாட்டும். வானொலியில் எஸ்எஸ்பி (நிலையத்தின் அலைவரிசைக்கு மேலோ கீழோ உள்ள ஒரு பாதியை, அதாவது ஒரு பக்கப்பட்டையை மட்டும் கேட்கும் வசதி) இருந்தால், இரண்டில் எந்தப் பக்கத்து இரைச்சல் குறைவோ அந்தப் பக்கப்பட்டையில் கேளுங்கள். நிலையங்கள் பெரும்பாலும் மணி தொடங்கும்போது பெயர் சொல்லும். அதற்கு 2 நிமிடம் முன்பே ஒலிப்பதிவைத் தொடங்கிவிடுங்கள்.