கொழுந்தனார் தரும் சைக்கிளை வாங்கலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயது, உயரம் 155 செ.மீ. நீச்சலும் ஓட்டமும் பழகிவிட்டேன். அடுத்த ஆண்டு ஒரு ஸ்பிரிண்ட் ட்ரையத்லானில் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த குறுகிய தூரப் போட்டி) கலந்துகொள்ள ஆசை. சைக்கிள்தான் இல்லை. என் கொழுந்தனார் தன் பழைய கார்பன் ட்ரையத்லான் சைக்கிளை, சட்ட அளவு 54, 20,000 ராண்டுக்குத் தருகிறேன் என்கிறார். கடையில் கேட்டால் ‘லேடீஸ் பைக்’ ஒன்றைக் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?
– ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: கொழுந்தனாருடையது வேண்டாம், தங்கச்சி. அவர் நல்ல மனதோடுதான் தருகிறார், விலையும் நியாயமாக இருக்கலாம். ஆனால் 54 என்பது ஏறக்குறைய ஐந்தடி எட்டு அங்குல உயரத்தவருக்கான அளவு. உங்களுக்கு 47 முதல் 49 வரை, அல்லது எக்ஸ்எஸ். சீட்டை இறக்கிக்கொள்ளலாம் என்பார்கள். ஹேண்டில்பார் இருக்கும் தூரத்தை அப்படிக் குறைக்க முடியாது. ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம்மை மாற்றினாலும் ஓரளவுதான்.

பெண்களுக்குச் சைக்கிள் பொருத்தித் தருவது என் வேலை. கழுத்தும் தோளும் வலித்து, ‘இது எனக்கு ஒத்துவராது’ என்று விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். பாதிப் பேர் ஓட்டியது வீட்டு ஆண்களின் சைக்கிள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது கேட்பதில்லை.

அளவு சரியாக இருந்தாலும் முதல் சைக்கிளாக, கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார் கொண்ட ரோடு பைக்கைத்தான் சொல்வேன். ட்ரையத்லான் சைக்கிளில் ஏரோபாரில் (முழங்கையை ஊன்றிப் பிடிக்க முன்னால் நீண்டிருக்கும் கம்பிகள்) படுத்து ஓட்டும்போது பிரேக் கைக்கு எட்டாது. ஞாயிறு காலையில் எம்4 சாலையில் கும்பலோடு போகும்போது அது ஆபத்து. ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்ட அனுமதிக்கும் போட்டிகளில் அந்த வகைச் சைக்கிளுக்கு இடமே இல்லை. ஸ்பிரிண்டில் சைக்கிள் பகுதி 20 கி.மீ.தான், ரோடு பைக் தாராளமாகப் போதும்.

அப்புறம் கியர். அந்த மாதிரிப் பழைய சைக்கிள்களில் பெரும்பாலும் முன்னால் 53, 39 பல் கொண்ட இரண்டு பல்சக்கரங்கள் (53/39), பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 25 பல் இருக்கும். மிக லேசான கியரிலும் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் 3.3 மீட்டர் நகரும். முன்னால் 50/34, பின்னால் 32 இருந்தால் அதே சுற்றுக்கு 2.2 மீட்டர். சாட்ஸ்வர்த் ஏற்றங்களை நினைத்துப் பாருங்கள், முழங்கால் தப்பிக்கும்.

கடையில் காட்டும் ‘லேடீஸ் பைக்’கையும் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். சிலவற்றில் நிறம் மட்டும்தான் வேறு. அளவுகளைக் கேளுங்கள்: ஹேண்டில்பார் அகலம் 36 அல்லது 38 செ.மீ., கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) நீளம் 165 மி.மீ. அல்லது அதற்குக் குறைவு. பிரேக் லீவரை விரலுக்கு அருகே கொண்டுவரும் சின்ன ஸ்க்ரூ பல ஷிமானோ லீவர்களில் உண்டு, கடையிலேயே திருகித் தரச் சொல்லுங்கள். இவை பொருந்தினால் ஆண்கள் பைக் என்று விற்பதையும் வாங்கலாம்.

சேடல், அதாவது சீட் விஷயத்தைப் பெண்கள் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுகிறார்கள். நான் சொல்லிவிடுகிறேன். குனிந்து ஓட்டும்போது இடுப்பு முன்னால் சாய்கிறது, பாரம் உட்காரும் எலும்பிலிருந்து முன்புறத்துக்குப் போகிறது. அங்கே மரத்துப்போவதோ புண்ணாவதோ ‘பழகிவிடும்’ என்று சகித்துக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லை. தடித்த ஜெல் சேடலில் மென்மையான பகுதி இன்னும் அழுந்தும். நடுவில் பிளவு, குட்டை மூக்கு, சரியான அகலம், இவை மூன்றும் வேண்டும். நெளி அட்டைத் துண்டை ஒரு கெட்டியான நாற்காலியில் வைத்து முன்னால் சாய்ந்து உட்காருங்கள். இரண்டு குழிகள் விழும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தோடு சுமார் 2 செ.மீ. கூட்டினால் தேட வேண்டிய அகலம் தெரியும். போட்டிக்கு அணியும் ட்ரைசூட்டில் பஞ்சு மெல்லியதாக இருக்கும், அதனால் சேடலைச் சரிசெய்யாமல் ஏரோபார் வாங்கப் போகாதீர்கள். ஏரோபாரைப் பின்னாளில் ரோடு பைக்கிலேயே பொருத்திக்கொள்ளலாம்.

அந்த 20,000 ராண்டில் உங்கள் அளவுக்கு நல்ல நிலையிலுள்ள பழைய அலுமினிய ரோடு பைக் தேடுங்கள், கொஞ்சம் பணத்தைச் சேடலுக்கும் ஹெல்மெட்டுக்கும் ஒதுக்குங்கள். டர்பன் கடற்காற்றின் உப்பு சும்மா விடாது, உலோகத்தை அரித்து இறுக்கிவிடும். விலை பேசுவதற்கு முன் சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தச் சைக்கிளையும் விட்டுவிடுங்கள்.